அம்மப்பாவின் துவக்கு: விசைக்குக் கீழே லீவர் இருந்தால் அது வின்செஸ்டரா?

மண்டூர்ப் பேரன்:
எல்லோருக்கும் வணக்கம். என் அம்மப்பாவிடம் பழைய துவக்கு ஒன்று இருக்கிறது. மட்டக்களப்பு வெல்லாவெளிப் பக்கம் எங்கள் வயலில் பன்றி இறங்கி உழுதுவிட்டுப் போகும் என்பதால், பயிரைக் காக்க அவருடைய தகப்பனார் வாங்கியது. இப்போது அனுமதிப்பத்திரம் அம்மப்பாவின் பெயரில் இருக்கிறது. வருடாவருடம் தவறாமல் புதுப்பிக்கிறார். சண்டைக் காலத்தில் நெடுநாள் ஒப்படைத்திருந்து பிறகு கைக்கு வந்ததால் இரும்பெல்லாம் மண்ணிறமாகக் கிடக்கிறது.

இரட்டைக் குழல். வெளியே தெரிகிற இரண்டு குதிரைகள், அதாவது தோட்டாவை வெடிக்க வைக்கிற சுத்தியல்கள். விசையைச் சுற்றியிருக்கிற இரும்பு வளையமான விசைக் காப்பின் மேல் படிந்தாற்போல ஒரு வளைந்த லீவர் இருக்கிறது. அதைப் பக்கவாட்டில் தள்ளினால் குழல் மடிந்து திறக்கிறது. கௌபாய் படங்களில் வருகிற லீவர் ரைபிள் வகைதான் இது, அமெரிக்க வின்செஸ்டராக இருக்கும், சேகரிப்பவர்கள் லட்சக்கணக்கில் கொடுப்பார்கள் என்று நண்பன் சத்தியம் செய்கிறான். உண்மையா?

இன்னொன்று. களுவாஞ்சிகுடியில் தெரிந்த லேத் பட்டறை ஒன்று இருக்கிறது. அங்கே கொடுத்து இரும்பைத் தீட்டிப் பளபளப்பாக்கி, மரத்துக்கு வார்னிஷ் அடித்து, அம்மப்பாவின் பிறந்தநாளுக்குக் கொடுக்கலாம் என்று யோசிக்கிறேன். ஆலோசனை சொல்லுங்கள்.

வாவிக்கரை:
லேத் பட்டறை யோசனையை இன்றே கைவிடுங்கள் தம்பி. மற்றதெல்லாம் பிறகு. அனுமதிப்பத்திரம் உங்கள் அம்மப்பாவுக்குக் கொடுத்தது. உங்களுக்கும் அல்ல, லேத்காரருக்கும் அல்ல. 1916 ஆம் ஆண்டின் 33 ஆம் இலக்கச் சுடுகலன்கள் கட்டளைச் சட்டத்தின்படி, துவக்குத் திருத்துவதைத் தொழிலாகச் செய்வதற்கே தனி அனுமதி வேண்டும். 1996 இல் வந்த திருத்தத்தோடு தண்டனைகளும் கடுமையாகிவிட்டன. பரிசு கொடுக்கப் போய், பேரனும் பட்டறைக்காரரும் அம்மப்பாவும் பொலிஸ் நிலையத்தில் ஒரே வாங்கில் உட்கார வேண்டி வரும்.

இனி உங்கள் கேள்வி. அது வின்செஸ்டர் அல்ல, ரைபிளே அல்ல; சன்னங்களைச் சுடுகிற சொட்கன். வின்செஸ்டர் வகையில் லீவர் பக்கவாட்டில் போகாது, கீழ்நோக்கி முன்னால் ஆடும். அந்த ஒரே ஆட்டத்தில் பூட்டு பின்னால் ஓடும், வெறும் கோது வெளியே தெறிக்கும், குதிரை நிமிரும், குழலுக்குக் கீழே உள்ள குழாயிலிருந்து அடுத்த தோட்டா ஏறி நிற்கும். லீவரை மேலே இழுத்தவுடன் தோட்டா அறைக்குள் போய்ப் பூட்டு விழும். உங்களுடையதில் லீவருக்கு வேலை ஒன்றுதான்: குழலைப் பிடித்திருக்கும் கொளுவியை அவிழ்ப்பது. பேர்மிங்ஹாமைச் சேர்ந்த ஹென்றி ஜோன்ஸ் 1859 இல் காப்புரிமை எடுத்த முறை அது. திறந்து மூட நேரம் எடுக்கும். ஆனால் இறுக்கமான பிடி. அதனால் இதைவிட வேகமான பூட்டுகள் வந்த பிறகும் ஆங்கிலேயப் பட்டறைகள் பல வருடங்கள் இதைச் செய்துகொண்டே இருந்தன.

அம்மப்பாவையே முன்பிடி மரத்தைக் கழற்றிக் குழலை எடுக்கச் சொல்லுங்கள். குழலின் அடிப்பக்கத்தை டோர்ச் வெளிச்சத்தில் பார்த்து, அங்கே அடித்திருக்கும் குறிகளை எழுதிக்கொண்டு வாருங்கள். படம் எடுத்து இங்கே போட வேண்டாம். தொடர் இலக்கம் ஊருக்கெல்லாம் தெரிய வேண்டியதில்லை.

சம்மாந்துறைக் காக்கா:
வாவிக்கரை ஐயா சட்டத்தைச் சொல்லிவிட்டார், நான் எண்ணெயைச் சொல்கிறேன். தம்பி, அந்தத் துவக்கை மூக்கருகில் கொண்டு போய்ப் பாருங்கள். சிக்கல் வாடை அடித்தால் யாரோ தேங்காய் எண்ணெய் பூசி வந்திருக்கிறார்கள். நம் பக்கத்தில் எல்லா வீட்டிலும் நடந்த காரியம் இது. பூசிய அன்று மினுங்கும். போகப் போகச் சிக்கல் ஏறி, பிசினாகித் தூசியைப் பிடித்துக்கொள்ளும். அந்தச் சிக்கலில் இருக்கிற புளிப்பே இரும்பை அரிக்கும். குதிரையின் அடியில் சந்து சந்தாகக் கருப்பாக ஒட்டியிருப்பது அதுதான்.

மண்ணெண்ணெய் அழுக்கைக் கரைக்கும், காவல் இருக்காது, பறந்துவிடும். கடையில் விற்கிற டப்ளியூ டி 40 ஈரத்தை விரட்டுவதற்கு நல்லது. அதை அடித்துவிட்டு மழைக்காலம் முழுதும் நிம்மதியாகத் தூங்க முடியாது. தையல் மெசின் எண்ணெய் மலிவு, மெல்லியது, பிசினாவதில்லை. நான் அதைத்தான் பாவிக்கிறேன். ஈரத் துணியளவுக்குத் தோய்க்காதீர்கள். கைவிரல் பட்டால் தடம் தெரிகிற அளவுக்கு ஒரு பூச்சுப் போதும்.

என் வாப்பா துவக்கை அடுப்படிப் பரணில் வைப்பார். புகையில் ஈரம் தங்காது என்பது கணக்கு. ஈரம் தங்கவில்லைதான், ஆனால் கரிப்படலம் ஏறிக் குழலின் மேற்பக்கம் முழுக்கப் புள்ளி விழுந்துவிட்டது.

ஆரையூரான்:
ஆரையம்பதிக்காரன், இப்போது ஒன்டாரியோவில் இருக்கிறேன். என்னிடம் உண்மையான லீவர் ரைபிள் இரண்டு இருப்பதால் தலைப்பைப் பார்த்து உள்ளே வந்தேன். ஒன்று வின்செஸ்டர் 1894, மற்றது மார்லின் 336. இங்கே உரிமம் எடுத்து மான் வேட்டைக்குப் போகிறவர்களிடம் சர்வசாதாரணமாக இருக்கிற துவக்குகள். உங்கள் நண்பரின் லட்சக் கணக்குக்குப் பதில்: 1894 மாதிரி மட்டும் எழுபது லட்சத்துக்கும் மேல் செய்யப்பட்டது. அரிதானது என்று சொல்ல முடியாது. அதிலும் 1964 க்கு முன் செய்தவற்றைத்தான் சேகரிப்பவர்கள் தேடுவார்கள், ஏனென்றால் அந்த வருடம் செலவைக் குறைக்கச் செய்முறையை மாற்றினார்கள். வாங்கியவர்கள் அதை மன்னிக்கவே இல்லை.

ஒலிவர் வின்செஸ்டர் சட்டை தைத்து விற்ற வியாபாரி என்பது எனக்கு எப்போதும் பிடித்த செய்தி. துவக்கைப் பற்றி அவருக்கு ஒன்றும் தெரியாது. தெரிந்தவர்களை வேலைக்கு வைத்திருந்தார். 1860 இன் ஹென்றி ரைபிள் பெஞ்சமின் டைலர் ஹென்றியுடையது. அதில் தோட்டாவைக் குழாயின் முன்பக்கத்தால் போட வேண்டும். 1866 இல் பக்கவாட்டில் ஒரு சிறு கதவு வைத்தார்கள், அதன்பிறகுதான் இந்த வகை நிமிர்ந்தது. பிறகு வந்தார் ஜோன் பிரவுனிங். 1886, 1892, 1894, 1895 எல்லாம் அவர் மூளை. தம்பி கேட்பதற்கு முன்பே சொல்லிவிடுகிறேன்: லீவர் வைத்த சொட்கனும் அவர் செய்திருக்கிறார், 1887 மாதிரி. அதைத் தூக்கிப் பார்த்திருக்கிறேன், உலக்கைதான்.

பராமரிப்பில் ஒன்று. 1894 ஐ முழுதாகக் கழற்றாமல் பின்பக்கத்தால் குழல் துடைக்க முடியாது. முன் வாயால்தான் கம்பியை விட வேண்டும். அங்கேதான் பழைய ரைபிள்கள் பாழாகின்றன. குழல் வாயின் உள்விளிம்பு, குண்டு கடைசியாகத் தொட்டுப் பிரிகிற இடம். கம்பி அங்கே உரசி உரசி ஒரு பக்கம் தேய்ந்துவிட்டால், குழல் கண்ணாடி போல இருந்தும் குறி தப்பும். பழைய ரைபிளைக் கையில் எடுத்தவுடன் நான் பார்ப்பது அந்த விளிம்பைத்தான். மார்லினில் லீவரின் ஒரு திருகாணியைக் கழற்றினால் பூட்டு தனியே வந்துவிடும், பின்பக்கத்தாலேயே துடைக்கலாம். இந்த ஒரு வசதிக்காகவே மார்லினை எனக்குப் பிடிக்கும், சண்டைக்கு வராதீர்கள்.

வாவிக்கரை:
சண்டைக்கு வரவில்லை, ஒன்று சேர்க்கிறேன். குழாயில் தோட்டாக்கள் ஒன்றின் பின் ஒன்றாக, முன்னதன் அடியில் பின்னதன் மூக்கு படும்படி நிற்கின்றன. அதனால் கூர் மூக்குக் குண்டு அவற்றுக்கு ஆகாது. உதைப்பில் முன்னதன் கேப்பை, அதாவது அடிபட்டதும் மருந்தைப் பற்றவைக்கிற மூடியை, குத்தி வெடிக்க வைத்துவிடும். தட்டையான மூக்கு வைத்தது அழகுக்காக அல்ல. பிரவுனிங் 1895 மாதிரியில் குழாயை விட்டுப் பெட்டி வைத்தார், அதில் கூர்க் குண்டையும் போடலாம். முதலாம் உலகப் போரில் ரஷ்யா அதை லட்சக்கணக்கில் வாங்கியது.

கல்லடி ரீச்சர்:
கோபிக்க வேண்டாம். நேற்றிலிருந்து இந்த இழையைப் படிக்கிறேன். மரம் எவ்வளவு அழகு, பூட்டு எவ்வளவு இறுக்கம் என்று மட்டக்களப்பில் இருந்துகொண்டு பூரித்துப் பேச எப்படி மனம் வருகிறது? எங்கள் வீட்டுக்குப் பக்கத்து வளவில் 1980களில் அனுமதிப்பத்திரத்தோடு ஒரு துவக்கு இருந்தது. ஓர் இரவு சிலர் வந்து கேட்டு எடுத்துக்கொண்டு போனார்கள். மறுநாள் வேறு சிலர் வந்து அது எங்கே என்று கேட்டார்கள். அந்த வீட்டுக்காரர் இரண்டு பக்கத்துக்கும் பதில் சொல்லியே நரைத்துப் போனார். பன்றிக்கு வாங்கியது என்பதை யாரும் கேட்கவில்லை.

சம்மாந்துறைக் காக்கா:
ரீச்சர் சொல்வதில் ஒரு சொல்லையும் மறுக்க மாட்டேன். எங்கள் பக்கமும் அதே கதைதான். ஆனால் பெரும்போகத்தில் கதிர் பால் பிடிக்கிற நேரம் ஓர் இரவு வயல் காவலில் வந்து இருந்து பாருங்கள். பன்றிக் கூட்டம் ஒரு மூலையால் புகுந்தால் விடிவதற்குள் வரம்பு எது வயல் எது என்று தெரியாது. துவக்கு எனக்கு மண்வெட்டி மாதிரி ஒரு சாமான். யானைக்கு அதைத் தூக்க முடியாது, தூக்கவும் கூடாது; அதற்கு வனஜீவராசிகள் திணைக்களம் தருகிற யானை வெடிதான்.

வாவிக்கரை:
கோட்டைச் சுவரில் வாவியைப் பார்த்து நிற்கிற பீரங்கிகளுக்குப் பக்கத்தில் பிள்ளைகளை நிறுத்திப் படம் எடுக்கிறோமே, ரீச்சர்.

கல்லடி ரீச்சர்:
அந்தப் பீரங்கியை யாரும் இரவில் வந்து தூக்கிக்கொண்டு போகப் போவதில்லை, ஐயா. சரி, விவாதத்துக்கு வரவில்லை. கேட்க வந்ததைக் கேட்கிறேன். மண்டூர்த் தம்பி, வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருக்கிறார்களா? அந்தத் துவக்கு இப்போது எங்கே இருக்கிறது? தோட்டா எங்கே இருக்கிறது?

மண்டூர்ப் பேரன்:
அக்காவின் பிள்ளைகள் இருவர் இருக்கிறார்கள், ரீச்சர். துவக்கு அம்மப்பாவின் கட்டிலுக்குப் பின்னால் சுவரில் சாத்தியிருக்கும், தோல் உறைக்குள். தோட்டா அலுமாரியில், உடுப்புக்கு அடியில். அலுமாரிக்குப் பூட்டு இருக்கிறது, திறப்பு அதிலேயே தொங்கும்.

கல்லடி ரீச்சர்:
முதலில் அதைத் திருத்துங்கள்.

ஆரையூரான்:
ரீச்சர் கேட்டது இந்த இழையிலேயே நல்ல கேள்வி. இங்கே சட்டமே அப்படித்தான்: துவக்கு வெறுமையாக இருக்க வேண்டும், அதற்கு மேல் விசைப் பூட்டோ பூட்டிய பெட்டியோ கட்டாயம். மடித்துத் திறக்கிற துவக்கில் இன்னும் இலகு. குழலைக் கழற்றி ஓர் இடத்திலும் மரப்பிடியை வேறோர் இடத்திலும் பூட்டி வைக்கலாம். திறப்பு அம்மப்பாவின் இடுப்பில் இருக்கட்டும்.

அந்தத் தோல் உறையையும் விட்டுவிடுங்கள். பதனிட்ட தோலில் அமிலமும் உப்பும் இருக்கும், ஈரத்தையும் உறிஞ்சி வைத்துக்கொள்ளும். வாவிக் காற்று அடிக்கிற ஊரில், மார்கழி மழையில், அது துவக்குக்கு நனைந்த சட்டை போட்ட கதைதான். உறை பயணத்துக்கு மட்டும். வீட்டில் பழைய பருத்தித் துணி சுற்றினால் போதும். சிலிக்கா ஜெல் கிடைத்தால் பெட்டிக்குள் போட்டு, இடைக்கிடை சூடாக்கி உலர்த்தி மறுபடி வையுங்கள். இங்கே பிரச்சினை வேறு. உறைபனியில் இருந்து வந்து சூடான வீட்டுக்குள் துவக்கை வெளியே எடுத்தால் குழலில் தண்ணீர் முத்து முத்தாகப் பூக்கும். உறையோடு விட்டு, வீட்டுச் சூட்டுக்கு வந்த பிறகுதான் திறப்போம்.

சம்மாந்துறைக் காக்கா:
எண்ணெய் பூசியதும் வாய் மேலே பார்க்கும்படி சாத்தவும் கூடாது. எண்ணெய் வழிந்து பூட்டுக்குள் இறங்கி, அதன் பின்னால் மரம் பொருந்துகிற இடத்தில் ஊறும். பழைய துவக்குகளில் அந்த இடம் கறுத்துப் போய் இருப்பதைப் பாருங்கள். நகத்தால் அழுத்தினால் பதியும். அப்படி இளகின மரம் ஒரு நாள் சுடும்போது பிளந்துவிடும். ஒரு துணியை மடித்துப் போட்டு, வாய் கீழே இருக்கும்படி சாத்துங்கள்.

மண்டூர்ப் பேரன்:
எல்லோருக்கும் நன்றி. தோட்டா இப்போது வேறு அறையில், இரும்புப் பெட்டியில். திறப்பு அம்மம்மாவிடம், அம்மப்பாவிடம் கொடுத்தால் அலுமாரிக் கதைதான். குழலைக் கழற்றிப் பார்த்தோம். துடைத்தபோது குழல் முழுதும் நுண்ணிய அலைக்கோடுகள் தெரிந்தன, கறுப்பும் வெள்ளையுமாகச் சுற்றிச் சுற்றிப் போகின்றன. அடியில் கிரீடக் குறிகள் சில, 12 என்ற இலக்கம், பிறகு மிகச் சிறிய எழுத்தில் ‘நொட் ஃபோர் போல்’. மண்ணிறக் கறையை எப்படி எடுப்பது?

வாவிக்கரை:
அடேயப்பா. தம்பி, அந்த மூன்று சொல் உங்கள் துவக்கின் பிறப்புச் சான்றிதழ். வாய்ப்பக்கம் ஒடுங்கிய குழலுக்குள் ஒற்றைக் குண்டு போடக் கூடாது என்ற எச்சரிக்கை அது. பிரித்தானியச் சோதனைச் சாலைகள் 1875 இலிருந்து 1887 வரைதான் அதை அடித்தன. 1887 க்குப் பிறகு குழலின் அளவான 12 என்ற இலக்கத்தை ஒரு சாய்சதுரத்துக்குள் போட ஆரம்பித்தார்கள். உங்களுடையதில் சாய்சதுரம் இல்லை என்பதும் ஒத்துப் போகிறது. வின்செஸ்டர் 1894 பிறப்பதற்கு முந்தியது.

அலைக்கோடு டமஸ்கஸ் குழல். இரும்பையும் உருக்கையும் பட்டையாக முறுக்கி, ஒரு கம்பியைச் சுற்றிப் பற்றவைத்து அடித்துச் செய்தது. அதனால் இதைக் கவனமாக வாசியுங்கள், அம்மப்பாவுக்கும் வாசித்துக் காட்டுங்கள். அந்தக் குழல் கரிமருந்துக்குச் சோதித்தது. இன்றைய மருந்து வேறு. தோட்டா அறையின் நீளமும் அந்தக் காலத்து 65 மில்லிமீற்றராகத்தான் இருக்கும். இன்று கிடைக்கிற தோட்டா பெரும்பாலும் 70. 70 உள்ளே போகும், ஒரு தடையும் சொல்லாமல் பூட்டும். ஏனென்றால் மடிந்த வாயோடு அது குட்டை. சுடும்போது விரிகிற வாய்க்கு இடம் இல்லாமல் அமுக்கம் ஏறும். இத்தனை வருடம் ஒன்றும் நடக்கவில்லை என்று அவர் சொல்வார். உட்சுவரில் அரித்த குழி ஒன்று எங்கே இருக்கிறது என்பது அவருக்குத் தெரியாது. தகுந்தவர் பார்க்கும் வரை அதைச் சுட வேண்டாம்.

கறைக்கு வருவோம். வெள்ளைத் துணியில் எண்ணெய் தோய்த்து ஓர் இடத்தைத் தேயுங்கள். துணியில் செம்மண் நிறம் ஏறினால் அது உயிரோடு அரிக்கிற துரு. எண்ணெயில் ஊறவிட்டு மெதுவாக எடுக்க வேண்டும். துணி சுத்தமாகவே வந்தால், அந்த மண்ணிறம் டமஸ்கஸ் குழலுக்குச் செய்தவர்களே ஏற்றிய நிறம். வேண்டுமென்றே துருவேற்றித் தேய்த்து எடுத்த நிறம் அது. அதைத்தான் நீங்கள் லேத்காரரிடம் கொடுத்துச் சுரண்டப் பார்த்தீர்கள்.

ஆரையூரான்:
சேகரிப்பவர்கள் சண்டை போடுவது பெரும்பாலும் இதற்குத்தான். என் அனுபவத்தில், நிறம் மங்கி நேர்மையாக இருக்கிற துவக்கை வாங்க ஆள் உண்டு. தீட்டிப் புதிதாக்கியதைப் பார்த்தவுடன் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். தீட்டும்போது விளிம்புகள் மழுங்கும், எழுத்துக்கள் கரையும், திருகாணி ஓட்டை பள்ளமாகும். திருகாணித் தலையின் வெடிப்பு கிழிந்திருந்தால், பொருந்தாத திருப்புளியோடு யாரோ உள்ளே போயிருக்கிறார்கள் என்று அர்த்தம். அந்த வெடிப்புக்கு அளவாக அரம் பிடித்த திருப்புளி இல்லாவிட்டால் ஒன்றையும் கழற்ற வேண்டாம். வார்னிஷும் வேண்டாம். அந்த மரத்தில் இருப்பது எண்ணெய்ப் பூச்சு.

அம்பாறைச் சந்தி:
விலை என்ன? எனக்கு ஓர் ஆள் இருக்கிறார். தனிச் செய்தி போடவும்.

நெறியாளர்:
மேலே உள்ளவருக்கு: இங்கே சுடுகலன் வாங்கல் விற்றல் பேச்சு கிடையாது. கைமாற்றுவதற்கு அதிகாரிகளின் அனுமதி வேண்டும். அனுமதி இல்லாமல் பேரம் பேசுவதே வில்லங்கம். இன்னொரு முறை வந்தால் கணக்கு மூடப்படும். அனுமதிப்பத்திரம் பற்றிய கேள்விகளுக்கு மாவட்டச் செயலகத்தில் நேரில் விசாரியுங்கள்.

மண்டூர்ப் பேரன்:
விற்பனைக்கு இல்லை. அம்மப்பாவிடம் வாசித்துக் காட்டினேன். 65, 70 என்றதும் ஒன்றும் பேசவில்லை, தோட்டாப் பெட்டியை எடுத்து வரச் சொல்லிக் கண்ணாடி போட்டு அளவைப் பார்த்தார். பிறகு, இந்தப் போகம் காவலுக்கு வெடி கொளுத்திக்கொள்ளலாம் என்றார். ஆனால் துவக்கைத் துடைக்கிற வேலையை எனக்குத் தர மாட்டாராம்; பக்கத்தில் இருந்து பார்க்கலாமாம். மரத்துக்கு என்ன எண்ணெய் வாங்க?

சம்மாந்துறைக் காக்கா:
ஆளிவிதை எண்ணெய். ஹார்ட்வெயார் கடையில் பெயின்ட் வைத்திருக்கிற பக்கம் கேளுங்கள், ‘காய்ச்சியது’ என்று சொல்லிக் கேளுங்கள். பச்சை எண்ணெய் காய நெடுநாள் எடுத்து ஒட்டிக்கொண்டே இருக்கும். நாலைந்து துளி உள்ளங்கையில் விட்டு, கை சூடேறும் வரை மரத்தில் தேய்த்து, மிச்சத்தைத் துடைத்துவிட்டு மறுநாள் பாருங்கள். துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் எறிந்துவிடாதீர்கள். அந்த எண்ணெய் காயும்போது தானாகச் சூடேறித் தீப்பிடிக்கும். விரித்துக் கொடியில் போட்டு, நன்றாக விறைத்துக் காய்ந்த பிறகு வீசுங்கள்.